ஐ.நா. பருவநிலை மாநாடு: நடத்துவது யார், அரங்கில் இடம் யாருக்கு? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: ஆண்டுதோறும் இரண்டு வாரங்கள் நடைபெறும் ஐ.நா. பருவநிலை மாற்ற மாநாட்டில் வாக்கெடுப்பு கிடையாது. எந்த முடிவும் கருத்தொற்றுமையின் அடிப்படையிலேயே எடுக்கப்படுகிறது. எழுந்து மறுப்புத் தெரிவிக்காத நாடு, ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும். எனவே, தலைவர் மேசையைத் தட்டி முடிவை அறிவிக்கும் தருணத்தில் அரங்கில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது பெரும் முக்கியத்துவம் பெறுகிறது.

ஒரு நாட்டின் பிரதிநிதி அந்த அரங்கில் கடைசி நாள் வரை இருக்க வேண்டுமானால் அவருக்கு விசா, அனுமதி அட்டை, விமானப் பயணச்சீட்டு, தங்கும் அறை ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவை மாநாட்டை நடத்தும் நாட்டின் கைகளில் உள்ளன. மாநாட்டை நடத்துவதும் அதில் பங்கேற்பதும் வெறும் ஏற்பாட்டு விவகாரங்கள் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

மாநாடு என்பது என்ன?

1992-ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் நடைபெற்ற புவி உச்சி மாநாட்டில், ஐ.நா. பருவநிலை மாற்ற கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்துக்காக முன்வைக்கப்பட்டது. 1994 மார்ச் 21-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இந்த ஒப்பந்தத்தில் இணைந்தவை 'தரப்புகள்' என அழைக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தையும் சேர்த்து இவற்றின் எண்ணிக்கை 198.

இத்தரப்புகள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கூட்டமே 'தரப்புகளின் மாநாடு'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'காப்' என இது சுருக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. முதல் மாநாடு 1995-இல் ஜெர்மனி தலைநகர் பெர்லினில் நடைபெற்றது. அப்போது ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஏஞ்சலா மெர்கல் அதற்குத் தலைமை வகித்தார்.

பெர்லின் மாநாட்டில் சுமார் 4,000 பேர் பங்கேற்றனர். 2023-இல் துபாயில் நடைபெற்ற 28-ஆவது மாநாட்டுக்கு நேரில் வந்தவர்களின் எண்ணிக்கை 80,000-ஐத் தாண்டியது. முப்பது ஆண்டுகளுக்குள் அதிகாரிகளின் கூட்டம் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகைக்கு இணையாக வளர்ந்துவிட்டது.

எந்த நாட்டில் என்பதை முடிவு செய்வது யார்?

மாநாட்டை நடத்தும் வாய்ப்பு ஐ.நா.வின் ஐந்து பிராந்தியக் குழுக்களுக்குச் சுழற்சி முறையில் வழங்கப்படுகிறது. ஆப்பிரிக்கா, ஆசிய-பசிபிக், கிழக்கு ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியன், மேற்கு ஐரோப்பா மற்றும் பிற நாடுகள் ஆகியவையே அக்குழுக்கள். முறை வரும் குழுவில் உள்ள நாடுகள் தங்களுக்குள் பேசி ஒரு நாட்டை ஒருமனதாக முன்மொழிய வேண்டும். அதன் பின்னர் ஐ.நா. குழுவினர் அந்நாட்டுக்குச் சென்று வசதிகளை ஆய்வு செய்வர். மாநாட்டின் பொது அமர்வு அதை ஏற்று முடிவெடுக்கும்.

இங்கும் ஒரே ஒரு நாடு மறுத்தால் போதும், முடிவு தள்ளிப்போகும். 2024-ஆம் ஆண்டு மாநாட்டை நடத்தும் முறை கிழக்கு ஐரோப்பாவுக்கு வந்தபோது, உக்ரைன் போரின் பின்னணியில், ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகள் எதையும் ஏற்க ரஷியா மறுத்தது. அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் ஒன்றையொன்று தடுத்து வந்தன. 2023 டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்துக்கு இவ்விரு நாடுகளும் உடன்பட்டதைத் தொடர்ந்து ஆர்மீனியா தனது எதிர்ப்பைக் கைவிட்டது. இதனால், அஜர்பைஜான் தலைநகர் பாகு ஓராண்டுக்கும் குறைவான அவகாசத்தில் மாநாட்டுக்குத் தயாராக வேண்டியிருந்தது.

எந்த நாடும் முன்வராவிட்டாலோ, கருத்தொற்றுமை ஏற்படாவிட்டாலோ, ஒப்பந்தத்தின் செயலகம் அமைந்துள்ள ஜெர்மனியின் பான் நகரிலேயே மாநாடு நடத்தப்பட வேண்டும் என்பது விதி. 2026-ஆம் ஆண்டு மாநாட்டுக்காகத் துருக்கியும் ஆஸ்திரேலியாவும் நீண்ட காலம் போட்டியிட்டபோது இந்நிலை நெருங்கியது. இறுதியில், 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடைபெற்ற 30-ஆவது மாநாட்டின்போது சமரசம் எட்டப்பட்டது. இதன்படி மாநாடு துருக்கியின் அன்டால்யா நகரில் நடைபெறும். பேச்சுவார்த்தைகளை ஆஸ்திரேலியா வழிநடத்தும். 2027-ஆம் ஆண்டு மாநாட்டுக்கு எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா தேர்வு செய்யப்பட்டது.

நடத்தும் நாட்டின் கடமைகள்

மாநாட்டுக்கு முன்பாக, நடத்தும் நாட்டுக்கும் ஐ.நா. செயலகத்துக்கும் இடையே சட்டப்பூர்வ உடன்படிக்கை கையெழுத்தாகும். பிரதிநிதிகளுக்குத் தடையின்றி விசா வழங்குதல், அவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு, காவல் ஏற்பாடு, அரங்குகள், போக்குவரத்து, மருத்துவ வசதி உள்ளிட்டவை இதில் இடம்பெறும். செயலகத்தின் தலைமையிடத்துக்கு வெளியே மாநாடு நடத்துவதால் ஏற்படும் கூடுதல் செலவை, நடத்தும் நாடே ஏற்க வேண்டும்.

மாநாட்டு வளாகம் இரண்டாகப் பிரிக்கப்படும். பேச்சுவார்த்தைகள் நடைபெறும் 'நீல மண்டலம்' மாநாட்டுக் காலத்தில் ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் இருக்கும். அதனுள் ஐ.நா. பாதுகாப்புப் படையினரே பொறுப்பு. அனுமதி அட்டை இல்லாதவர்கள் நுழைய முடியாது. கண்காட்சிகளும் பொது நிகழ்ச்சிகளும் நடைபெறும் 'பசுமை மண்டலம்' நடத்தும் நாட்டின் பொறுப்பில் இருக்கும்.

இக்கடமைகளை எல்லா நாடுகளாலும் நிறைவேற்ற முடிவதில்லை. பசிபிக் தீவு நாடான ஃபிஜி 2017-ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமையேற்றது. ஆயினும், அத்தனை பேருக்கு இடமளிக்கும் வசதி அந்நாட்டில் இல்லாததால் மாநாடு பான் நகரில் நடைபெற்றது.

2019-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னும் கடினமான சூழல். மாநாட்டை நடத்துவதாக இருந்த பிரேசில் முன்னதாகவே விலகிக்கொண்டது. அதை ஏற்ற சிலி, உள்நாட்டுப் போராட்டங்கள் காரணமாக அக்டோபர் 30-ஆம் தேதி விலகியது. ஸ்பெயின் முன்வந்ததால், டிசம்பர் 2-ஆம் தேதி மாட்ரிட் நகரில் சிலியின் தலைமையிலேயே மாநாடு தொடங்கியது. தென் அமெரிக்காவுக்குப் பயணத்தைத் திட்டமிட்டிருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. விமானப் பயணத்தைத் தவிர்த்து வந்த ஸ்வீடன் இளம் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பர்க், அமெரிக்காவிலிருந்து பாய்மரப் படகில் அட்லாண்டிக் பெருங்கடலை மீண்டும் கடந்து ஐரோப்பா வந்தடைந்தார்.

தலைவரின் சுத்தியல்

மாநாட்டை நடத்தும் நாட்டின் அமைச்சர் அல்லது மூத்த அதிகாரி பொதுவாகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுவார். அவர் தமது நாட்டின் நலனுக்காக வாதிடக் கூடாது. அனைத்துத் தரப்புகளையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவருவதே அவரது பணி. ஆனால், எந்த நேரத்தில் அமர்வைத் தொடங்குவது, யாருக்கு முதலில் பேச வாய்ப்பளிப்பது, எப்போது சுத்தியலால் மேசையைத் தட்டி 'நிறைவேறியது' என அறிவிப்பது ஆகிய அதிகாரங்கள் அவரிடமே உள்ளன.

வாக்கெடுப்பு குறித்த விதியில் நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததால், ஒப்பந்தத்தின் நடைமுறை விதிகள் இன்றுவரை முறைப்படி ஏற்கப்படவில்லை. அவை வரைவு நிலையிலேயே பின்பற்றப்படுகின்றன. கருத்தொற்றுமை என்றால் என்ன என்பதற்கும் தெளிவான வரையறை கிடையாது. இதனால் தலைவரின் கணிப்பே இறுதியாகிவிடுகிறது.

2010-இல் மெக்சிகோவின் கான்குன் நகரில் பொலிவியா கடைசி வரை எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு நாட்டின் மறுப்பு மட்டும் கருத்தொற்றுமையைத் தடுத்துவிடாது எனக் கூறி, தலைவர் பத்ரீசியா எஸ்பினோசா முடிவை அறிவித்தார். 2012-இல் கத்தார் தலைநகர் தோஹாவில் ரஷியா எழுப்பிய ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாமல் முடிவு நிறைவேற்றப்பட்டது. அதற்கு எதிர்வினையாக, அடுத்த ஆண்டு பான் நகரில் நடைபெற்ற ஆயத்தக் கூட்டத்தின் ஒரு பிரிவை ரஷியா, உக்ரைன், பெலாரஸ் ஆகிய நாடுகள் முடக்கின.

இந்தியா இந்தச் சுத்தியலின் இரு பக்கங்களையும் கண்டுள்ளது. 2021 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நிலக்கரிப் பயன்பாட்டை 'படிப்படியாகக் கைவிடுதல்' என்ற சொற்களை 'படிப்படியாகக் குறைத்தல்' என மாற்ற வேண்டும் என்று இறுதி அமர்வில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் வலியுறுத்தினார். சீனாவும் அதை ஆதரித்தது. சுவிட்சர்லாந்து, தீவு நாடுகள் உள்ளிட்டவை ஏமாற்றம் தெரிவித்தபோதும் திருத்தம் ஏற்கப்பட்டது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா, முடிவெடுக்கப்பட்ட விதத்துக்காக வருத்தம் தெரிவித்துக் கண்கலங்கினார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பரில் பாகு நகரில் நிலைமை நேர்மாறாக அமைந்தது. வளரும் நாடுகளுக்கு 2035-ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 30,000 கோடி டாலர் நிதி என்ற முடிவை அஜர்பைஜானைச் சேர்ந்த தலைவர் முக்தார் பாபாயேவ் அறிவித்தார். பேச வாய்ப்புக் கோரியிருந்தும் அதற்கு முன்பே முடிவு நிறைவேற்றப்பட்டதாக, இந்தியக் குழுவைச் சேர்ந்த நிதியமைச்சக ஆலோசகர் சாந்தினி ராய்னா கடும் ஆட்சேபம் தெரிவித்தார். அறிவிக்கப்பட்ட தொகை மிகவும் குறைவு என்றும் அவர் கூறினார். அந்த ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது; முடிவு மாறவில்லை.

பேரவையில் இல்லாத தீவு நாடுகள்

ஆட்சேபத்தை எழுப்பவேனும் இந்தியக் குழுவினர் பாகு அரங்கில் இருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு துபாயில் சிறு தீவு நாடுகளுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

2023 டிசம்பர் 13-ஆம் தேதி, புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்ல நாடுகளுக்கு அழைப்பு விடுக்கும் முடிவை மாநாட்டுத் தலைவர் சுல்தான் அல் ஜாபர், அமர்வு தொடங்கிய சில நிமிடங்களில் நிறைவேற்றினார். கடல்மட்ட உயர்வால் முதலில் பாதிக்கப்படக்கூடிய 39 நாடுகளைக் கொண்ட சிறு தீவு நாடுகள் கூட்டணியின் பிரதிநிதிகள், அவ்வேளையில் தங்களுக்குள் ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தனர். தாங்கள் அரங்குக்குள் வருவதற்கு முன்பே முடிவெடுக்கப்பட்டுவிட்டதாகக் கூட்டணியின் சார்பில் சமோவா நாட்டின் ஆனி ராஸ்முசென் பின்னர் தெரிவித்தார். அவரது உரைக்கு அரங்கத்தினர் எழுந்து நின்று கைதட்டினர். ஆனால், நிறைவேறிய முடிவு மீண்டும் விவாதத்துக்கு எடுக்கப்படவில்லை.

யார் யார் பங்கேற்கலாம்?

பருவநிலை மாநாட்டுக்குப் பொதுமக்கள் நேரடியாகப் பதிவு செய்துகொண்டு செல்ல இயலாது. நாடுகளின் அதிகாரப்பூர்வப் பிரதிநிதிகள், ஐ.நா. அமைப்புகள், அங்கீகாரம் பெற்ற பார்வையாளர் அமைப்புகள், ஊடகத்தினர் ஆகியோருக்கே நீல மண்டல அனுமதி அட்டை வழங்கப்படும். பார்வையாளர் அமைப்புகள் தொழில் துறை, சுற்றுச்சூழல், உள்ளாட்சி, பூர்வகுடிகள், ஆய்வு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், மகளிர், இளைஞர்கள், விவசாயிகள் என ஒன்பது பிரிவுகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஒவ்வோர் அமைப்புக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலேயே அட்டைகள் கிடைக்கும்.

அட்டை கிடைப்பது மட்டும் போதுமானதல்ல. 2009-இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் அரங்கின் கொள்ளளவு 15,000. பதிவு செய்தவர்களோ 40,000-க்கும் அதிகம். பல தன்னார்வ அமைப்பினர் கடுங்குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றும் உள்ளே செல்ல முடியாமல் திரும்பினர்.

அரசுகளின் குழுக்களிடையேயும் ஏற்றத்தாழ்வு அதிகம். ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சுவார்த்தை நடக்கும். நிதி, தகவமைப்பு, கார்பன் சந்தை, இழப்பீடு என ஒவ்வொரு பொருளுக்கும் பெரிய நாடுகள் தனி வல்லுநரை அனுப்புகின்றன. நான்கைந்து பேரை மட்டும் அனுப்பும் நாடு, எந்த அறையைக் கைவிடுவது என முடிவெடுக்க வேண்டியுள்ளது. இதை ஈடுகட்டவே 'ஜி-77 மற்றும் சீனா', ஆப்பிரிக்க நாடுகள் குழு, சிறு தீவு நாடுகள் கூட்டணி போன்றவை ஒரே குரலில் பேசுகின்றன.

ஏழை நாடுகளின் பிரதிநிதிகளுக்காக ஐ.நா. செயலகம் தன்னார்வ நிதியம் ஒன்றை நடத்துகிறது. நிதி கையிருப்பைப் பொறுத்து, தகுதியுள்ள வளரும் நாட்டுக்குப் பொதுவாக இருவரின் செலவும், மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் மூவரின் செலவும் ஏற்கப்படுகிறது. மறுபுறம், துபாய் மாநாட்டுக்குப் புதைபடிவ எரிபொருள் துறையுடன் தொடர்புடைய 2,456 பேர் பதிவு செய்திருந்ததாகச் சுற்றுச்சூழல் அமைப்புகளின் கூட்டணி ஒன்று கணக்கிட்டது.

பெலெம் உணர்த்தியது என்ன?

அமேசான் காட்டின் நுழைவாயிலில் அமைந்துள்ள பெலெம் நகரைப் பிரேசில் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. காட்டைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் அருகிலேயே பேசட்டும் என்பதே அந்நாட்டின் வாதம். பூர்வகுடி மக்கள் பெருமளவில் பங்கேற்றதும் இதனால்தான்.

ஆனால், சுமார் 50,000 பேர் எதிர்பார்க்கப்பட்ட நிலையில், வழக்கமாக நகரில் இருந்த தங்கும் படுக்கைகள் சுமார் 18,000 மட்டுமே. அறை வாடகை பல மடங்கு உயர்ந்தது. ஆப்பிரிக்க நாடுகளும் தீவு நாடுகளும் குழுவின் எண்ணிக்கையைக் குறைக்க நேரிடும் என எச்சரித்தன. செலவைக் காரணம் காட்டி ஆஸ்திரிய அதிபர் அலெக்சாண்டர் வான் டெர் பெலன் பயணத்தைக் கைவிட்டார்.

இதையடுத்து இரண்டு சொகுசுக் கப்பல்களைத் துறைமுகத்தில் நிறுத்தி அவற்றைத் தங்குமிடங்களாகப் பிரேசில் மாற்றியது. மிகவும் பின்தங்கிய நாடுகள், தீவு நாடுகள் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 200 டாலருக்கு மிகாத வாடகையில் 15 அறைகள் ஒதுக்குவதாக அறிவித்தது. நெரிசலைத் தவிர்க்க, உலகத் தலைவர்களின் கூட்டம் நவம்பர் 6, 7 தேதிகளில் முன்கூட்டியே நடத்தப்பட்டது. நவம்பர் 20-ஆம் தேதி நீல மண்டலத்தில் தீ விபத்து ஏற்பட்டு, அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பேச்சுவார்த்தைகளும் பல மணி நேரம் தடைபட்டன.

தலைவராக ஒரு தமிழர்

இந்தியா ஒருமுறை இம்மாநாட்டை நடத்தியுள்ளது. 2002 அக்டோபர் 23 முதல் நவம்பர் 1 வரை டெல்லி விஞ்ஞான் பவனில் 8-ஆவது மாநாடு நடைபெற்றது. அப்போதைய பிரதமர் வாஜ்பாய் அதில் உரையாற்றினார். மாநாட்டுத் தலைவராகப் பணியாற்றியவர், அப்போது மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சராக இருந்த தமிழகத்தைச் சேர்ந்த டி.ஆர்.பாலு.

கியோட்டோ ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2001-இல் பின்வாங்கியிருந்த காலம் அது. வளரும் நாடுகளும் வாயு உமிழ்வைக் குறைக்க உறுதியளிக்க வேண்டும் என்ற பேச்சு எழத் தொடங்கியிருந்தது. வறுமை ஒழிப்பும் வளர்ச்சியுமே வளரும் நாடுகளின் முதன்மைத் தேவைகள் என்பதையும், பருவநிலை பாதிப்புகளுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்வது அனைத்து நாடுகளுக்கும் அவசரத் தேவை என்பதையும் அம்மாநாட்டின் 'டெல்லி பிரகடனம்' முன்னிறுத்தியது. பருவநிலை குறித்த கல்வி, விழிப்புணர்வுக்கான ஐந்தாண்டுப் பணித்திட்டமும் டெல்லியின் பெயரிலேயே ஏற்கப்பட்டது. உமிழ்வைக் குறைப்பது குறித்தே பெரிதும் பேசப்பட்டு வந்த மேடையில், தகவமைப்பு என்ற சொல்லுக்கு அது கூடுதல் இடம் பெற்றுத் தந்தது.

2028-ஆம் ஆண்டு மீண்டும் ஆசிய-பசிபிக் குழுவின் முறை வருகிறது. அந்த ஆண்டின் 33-ஆவது மாநாட்டை இந்தியாவில் நடத்தலாம் என 2023 டிசம்பர் 1-ஆம் தேதி துபாயில் பிரதமர் நரேந்திர மோடி முன்மொழிந்தார்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எந்த நாடு முன்வந்தாலும் நகரின் பெயருக்கு அப்பால் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. ஏழை நாடுகளின் குழுக்களுக்கு வாடகை வரம்புடன் கூடிய அறைகள் தொடக்கத்திலேயே உறுதி செய்யப்படுகின்றனவா, தூதரகமே இல்லாத நாட்டினருக்கும் விசா உரிய காலத்தில் கிடைக்கிறதா, அரங்கின் கொள்ளளவுக்கு ஏற்ப அனுமதி அட்டைகள் வழங்கப்படுகின்றனவா, போராட்டக்காரர்களுக்கு இடம் உண்டா என்பவை முதன்மையானவை. டெல்லியைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் உண்டு. மாநாடு வழக்கமாக நடைபெறும் நவம்பர் மாதத்தில்தான் அந்நகரின் காற்று மாசு உச்சத்தில் இருக்கிறது.

மாநாட்டின் கடைசி நாள் அநேகமாகக் கடைசி நாளாக இருப்பதில்லை. பேச்சுவார்த்தை நீடித்து, ஓரிரு நாள்கள் கழித்து நள்ளிரவிலோ அதிகாலையிலோ முடிவு எட்டப்படுவதே வழக்கமாகிவிட்டது. பயணச்சீட்டை மாற்றவோ, அறையை நீட்டிக்கவோ வசதியற்ற குழுக்கள் அதற்குள் ஊர் திரும்பியிருக்கும். அவர்கள் கடைசி அமர்வு வரை தங்குவதற்கு என்ன ஏற்பாடு உள்ளது என்பதையும் மாநாட்டை நடத்த முன்வரும் நாட்டிடம் கேட்க வேண்டியுள்ளது.